வைடூரியம்: கொங்கு நாட்டுக் கல்லும் உலகம் சுற்றிய சொல்லும்

வைடூரியம் நவமணிகளுள் ஒன்று. இன்றைய நகைக்கடையில் வைடூரியம் கேட்டால், தேன் நிறத்திலோ சாம்பல் கலந்த பச்சை நிறத்திலோ உள்ள, நடுவே வெண்ணிறக் கோடு ஒன்று ஓடும் கல்லை எடுத்துக் காட்டுவார்கள். கல்லைத் திருப்பினால் அந்தக் கோடும் நகரும். பூனையின் கண்போலத் தோன்றுவதால் இதற்குப் பூனைக்கண் கல் என்ற பெயரும் உண்டு. நெடுங்காலமாக இது இலங்கைக்குப் பெயர்பெற்ற கல்லாக இருந்து வருகிறது.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வைடூரியம் என்ற சொல் பெரும்பாலும் வேறொரு கல்லைக் குறித்தது. அது கடல்நீரின் நிறமும் கண்ணாடியின் தெளிவும் கொண்ட, ஆறு பட்டைகளுடன் விளையும் கல். இன்று அதற்குப் பெரில் என்று பெயர். பழங்காலத்தில் அந்தக் கல் கிடைத்த இடங்களில் முக்கியமானது தமிழகத்தின் கொங்கு நாடு. கல் கப்பலேறி உரோமாபுரி வரை சென்றது. அதனுடன் சென்ற பெயர் பல மொழிகளில் புகுந்து, பெரில் என்ற உருவில் இன்றும் வழங்குகிறது. சொல் பிறந்த நாட்டிலோ, அதே பெயர் காலப்போக்கில் இன்னொரு கல்லுக்குச் சென்றுவிட்டது. இந்தப் பெயர் மாற்றத்தை அறியாமல் பழைய நூல்களைப் படித்தால், கொங்கு நாட்டுக் கல்லும் அதைத் தோண்டி மணியாக்கிய கைவினைஞரும் வரலாற்றிலிருந்து மறைந்துவிடுவர்.

இரண்டு கற்களின் இயல்புகள்

பெரில், பெரிலியம், அலுமினியம், சிலிக்கன், ஆக்சிசன் ஆகிய நான்கு தனிமங்களால் ஆன கனிமம். இதன் படிகம் அறுகோணத் தூண் போல நீண்டு வளரும். பென்சிலைப் போல ஆறு பட்டைகள் இயற்கையாகவே அமைந்திருக்கும். மோ கடினத்தன்மை அளவுகோலில் இதன் இடம் 7.5 முதல் 8 வரை. ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.7. அதாவது, அதே கன அளவுள்ள நீரைப் போல் 2.7 மடங்கு எடையுள்ளது.

தூய பெரிலுக்கு நிறம் இல்லை. அதில் மிகச் சிறிய அளவில் கலக்கும் பிற தனிமங்களே நிறத்தைத் தருகின்றன. குரோமியமோ வனேடியமோ கலந்தால் ஆழ்ந்த பச்சை நிறம் பெறும், அதுவே மரகதம். இரும்பு கலந்தால் நீலமும் பச்சையும் கலந்த கடல் நிறம் பெறும், அது அக்குவாமரின். மஞ்சள் நிறத்துக்கும் இரும்பே காரணம். மாங்கனீசு கலந்தால் இளஞ்சிவப்பாகும். ஆகவே மரகதமும் அக்குவாமரினும் ஒரே கனிமத்தின் இரு நிறங்களே.

இன்று வைடூரியம் எனப்படும் பூனைக்கண் கல் கிரிசோபெரில் என்ற கனிம வகையைச் சேர்ந்தது. அதில் பெரிலியம், அலுமினியம், ஆக்சிசன் ஆகியவை உண்டு, சிலிக்கன் இல்லை. கடினத்தன்மை 8.5, ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.7. ஒரே அளவுள்ள பெரிலையும் பூனைக்கண்ணையும் தராசில் வைத்தால் பூனைக்கண்ணின் தட்டு தெளிவாகத் தாழும். கல்லுக்குள் ஊசிபோன்ற நுண்ணிய இழைகள் ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கியிருப்பதால் வெண்கோடு தோன்றுகிறது. பட்டு நூற்கண்டின் மீது விளக்கொளி படும்போது குறுக்கே ஓர் ஒளிக்கோடு தெரிவதைப் போன்றது இது. இந்தக் கோடு நன்றாகத் தெரிய வேண்டுமானால் கல்லைப் பட்டை தீட்டாமல், மேற்புறம் குவிந்த வழவழப்பான வடிவில் தேய்க்க வேண்டும்.

கிரிசோ என்பதற்குக் கிரேக்க மொழியில் பொன் என்று பொருள். பொன்னிறப் பெரில் என்ற பெயர் இருந்தாலும், இது பெரிலின் வகையன்று, தனிக் கனிமம்.

பழைய நூல்கள் காட்டும் வைடூரியம்

பழைய நூல்களில் வரும் வைடூரியம் எது என்று அறிய, அவை கூறும் நிறங்களைப் பார்க்க வேண்டும். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில், அரசின் கருவூலத்தில் சேர்க்கும் முன் மணிகளைச் சோதிப்பது பற்றிய பகுதி ஒன்று உள்ளது. அங்கே வைடூரியத்தின் வகைகள் கூறப்படுகின்றன. நீலோற்பல மலர், வாகைப் பூ, தண்ணீர், மூங்கில், கிளியின் இறகு ஆகியவற்றின் நிறங்கள் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. நீலத்திலிருந்து நீர்நிறம் வழியாக இளம்பச்சை வரை செல்லும் இந்த நிற வரிசை பெரிலுக்கு நன்கு பொருந்துகிறது. பூனையின் கண் பற்றிய பேச்சு அங்கு இல்லை.

அதே பட்டியலில் புஷ்யராகம், கோமேதகம் என்ற பெயர்களும் வைடூரியத்தின் வகைகளாக வருகின்றன. இன்று இவை நவமணிகளில் தனித்தனி இடம் பெற்றவை. ஒரு காலத்தில் ஒரு கல்லின் நிற வேறுபாட்டைக் குறித்த பெயர்கள், பின்னர் தனிக் கற்களின் பெயர்களாகப் பிரிந்தன என்பதற்கு இது சான்று.

இலக்கண நூல்களிலும் வைடூரியம் பற்றிய பயனுள்ள செய்தி ஒன்று உண்டு. விதூரம் என்ற இடத்திலிருந்து வருவது வைடூரியம் என்று பாணினியின் இலக்கணத்தைக் கொண்டு விளக்குவர். அதற்குப் பேருரை எழுதிய பதஞ்சலி ஓர் ஐயத்தை எழுப்புகிறார். கல் விளைவது வாலவாயம் என்ற மலையில்; விதூரத்தில் அது சீர்செய்யப்படுகிறது; அப்படியானால் விதூரத்தின் பெயர் எப்படிப் பொருந்தும் என்பதே அவரது கேள்வி. கல் எடுக்கும் இடம் ஒன்று, அதை மணியாக்கும் ஊர் வேறொன்று, பெயர் வாங்குவது இரண்டாவது ஊர் என்ற தொழில் நடைமுறை இந்த இலக்கண விவாதத்தில் பதிவாகியிருக்கிறது. கொங்கு நாட்டிலும் இதே அமைப்பைக் காணலாம்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிகள் விற்கும் வீதியைச் சுற்றிப் பார்க்கிறான். வைரம், மரகதம், மாணிக்கம், முத்து, பவளம் முதலியவற்றின் குற்றங்களும் குணங்களும் அங்கே விரிவாகக் கூறப்படுகின்றன. அவற்றுள் தெளிந்த தேனின் நிறமுடைய ஒரு மணியை உரையாசிரியர்கள் வைடூரியம் என்று கொண்டனர். தேன் நிறம் இன்றைய பூனைக்கண்ணுக்கு நெருக்கமானது. நீரும் மூங்கிலும் தேனாக மாறிய இந்த இடைவெளியில்தான் சொல்லின் பொருளும் நகர்ந்தது எனலாம்.

கொங்கு நாட்டின் கல்வளம்

பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகும்போது, கடைசியாக எஞ்சும் நீர்மம் அரிய தனிமங்கள் செறிந்ததாக இருக்கும். அது பாறைப் பிளவுகளில் புகுந்து மெல்ல உறையும்போது பெரிய படிகங்கள் உருவாகின்றன. இத்தகைய பாறைக்குப் பெக்மடைட்டு என்று பெயர். பெரில் பெரும்பாலும் இத்தகைய பாறையில்தான் விளைகிறது. கொங்கு நாட்டில், குறிப்பாகக் காங்கேயம் வட்டாரத்தில், இவ்வகைப் பாறைகள் உள்ளன.

காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூர் பெரிலுக்குப் புகழ்பெற்றது. சிவன்மலைப் பகுதி குருந்தக் கல்லுக்கு அறியப்பட்டது. கரூர் வரையிலான நிலப்பரப்பில் படிகக் கற்களும் கிடைக்கின்றன. குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் கொரண்டம் என்றாயிற்று. மாணிக்கமும் நீலமும் இந்தக் குருந்த இனத்தைச் சேர்ந்தவை.

படியூர்ச் சுரங்கம் பிற்காலத்திலும் ஒருமுறை உயிர்பெற்றது. 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அதை எடுத்து நடத்தினார். பின்னாளில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நிறுவியவரும் இவரே. அப்போது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரில் கற்கள் எடுக்கப்பட்டன என்றும், அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 1,200 பவுன் என்றும் ஆவணங்கள் கூறுகின்றன. பின்னர் சுரங்கத்தில் தண்ணீர் நிறைந்தது, பணி நின்றுபோனது. படியூர்ச் சுரங்கத்தையும் அதன் பாறை அமைப்பையும் பற்றி நியூபோல்டு என்ற படை அதிகாரி 1840இல் அறிவியல் இதழொன்றில் எழுதினார். பழங்காலத்தில் கல் எடுத்த நிலத்தில் 19ஆம் நூற்றாண்டிலும் இவ்வளவு கல் மிஞ்சியிருந்தது என்பது அந்த நிலத்தின் வளத்தைக் காட்டுகிறது.

கொடுமணல் தொழிற்கூடம்

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல் என்ற சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் கொடுமணம் என்ற ஊரின் அரிய அணிகலன்களைப் பாடியுள்ளனர். அந்தக் கொடுமணமே இன்றைய கொடுமணல் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

மேற்குக் கடற்கரையின் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பேரூர், வெள்ளலூர், கொடுமணல் ஆகிய ஊர்களைத் தொட்டுக் கரூரை அடைந்து, காவிரியை ஒட்டிப் பூம்புகார் வரை செல்லும் பெருவழி பழங்காலத்தில் இருந்தது. இரு கடல்களையும் இணைத்த அந்த வழியின் நடுவே, கல் விளையும் நிலத்துக்கு அருகில் கொடுமணல் அமைந்திருந்தது.

1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் இங்கே அகழாய்வு செய்தன. எ. சுப்பராயலு, கா. இராஜன் ஆகியோர் இதில் முதன்மைப் பங்கு வகித்தனர். 2012-13இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், பின்னர் தமிழ்நாடு தொல்லியல் துறையும் பணியைத் தொடர்ந்தன. தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. வணிகக் குழுவைக் குறிக்கும் நிகம என்ற சொல் பொறித்த ஓடும் அவற்றில் ஒன்று. கரிமக் காலக்கணிப்புகள் இக்குடியிருப்பின் தொடக்கத்தைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டளவுக்குக் கொண்டு செல்கின்றன.

மணிகள் கிடைத்ததைவிட முக்கியமானது, அவற்றின் எல்லா நிலைகளும் கிடைத்தமை. பட்டை போடாத மூலக்கல், தட்டி உடைத்த சில்லு, அரைகுறையாகத் தேய்த்த மணி, துளையிடும்போது உடைந்த மணி, மெருகேற்றி முடித்த மணி என அனைத்தும் ஒரே இடத்தில் கிடந்தன. முடிந்த மணி மட்டும் கிடைத்தால் அங்கே செல்வர் வாழ்ந்தனர் என்று சொல்லலாம். சில்லும் உடைசலும் கிடைத்தால்தான் அங்கே வேலை நடந்தது என்று சொல்ல முடியும். கொடுமணலில் வேலை நடந்தது. பெரில், நீலம், படிகம், செவ்வந்திக்கல், அகேட், சூதுபவளம் முதலிய பல கற்கள் அங்கே மணிகளாக்கப்பட்டன. ஈமச்சின்னம் ஒன்றில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளத்தின் மூலக்கல் குஜராத் பகுதியிலிருந்தும், ஆழ்நீல நிறமுடைய லேபிஸ் லசூலி ஆப்கானிஸ்தானின் மலைகளிலிருந்தும் வந்திருக்க வேண்டும். உள்ளூர்க் கல்லை மட்டும் நம்பிய ஊராக இது இருக்கவில்லை.

பெரிலை மணியாக்குவது எளிதான வேலையன்று. மணலின் முக்கியப் பகுதியான குவார்ட்சின் கடினத்தன்மை 7. பெரில் அதைவிடக் கடினமானது. ஆகவே வெறும் மணலைக் கொண்டு தேய்த்தால் பலன் இராது. கடினத்தன்மை 9 உடைய குருந்தத்தின் பொடி தேவை. அந்தக் குருந்தம் அதே வட்டாரத்தில் கிடைத்தது. துளையிட வைரமுனை பொருத்திய துளைப்பான்கள் பயன்பட்டன என்பதை மணிகளின் துளைச் சுவர்களில் உள்ள வரித்தடங்களைக் கொண்டு ஆய்வாளர் கண்டறிந்தனர். நீண்ட மணியானால் இரு முனைகளிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கச் செய்வர். இரண்டு துளைகளும் நேர்க்கோட்டில் சந்திக்காவிட்டால் மணி வீணாகும். பல நாள் உழைப்பும் வீணாகும். குப்பையில் கிடைத்த ஒவ்வோர் உடைந்த மணியும் அப்படி வீணான உழைப்பின் சாட்சியே.

மேற்கே சென்ற கல்

கி.பி. 79இல் வெசுவியசு எரிமலை வெடித்தபோது இறந்த உரோமானிய அறிஞர் பிளினி, தம் இயற்கை வரலாறு என்ற பெருநூலின் 37ஆம் பகுதியை மணிகளுக்கு ஒதுக்கினார். பெரில் இந்தியாவில் விளைகிறது என்றும், பிற இடங்களில் அரிதாகவே கிடைக்கிறது என்றும் அவர் எழுதினார். தூய கடலின் பசுமையை ஒத்த கல்லே சிறந்தது என்பது அவரது மதிப்பீடு. இந்தியர் நீண்ட பெரில்களை விரும்பினர் என்றும், அவற்றைத் துளையிட்டு யானையின் மயிரில் கோத்து அணிந்தனர் என்றும் அவர் கூறுகிறார்.

பெரிலை ஆறு பட்டைகளாகத் தீட்டுவது வழக்கம் என்ற பிளினி, அந்த வடிவம் இயற்கையிலேயே அமைவது என்று கருதுவோரும் உண்டு எனக் குறிப்பிட்டார். அவர்கள் கருதியது சரியே. படிகத்தின் இயல்பான ஆறு பட்டைகளைக் கைவினைஞர் பயன்படுத்திக்கொண்டனர். மரகதமும் பெரிலும் ஒரே தன்மையுடையவை என்று பலர் எண்ணுவதையும் அவர் பதிவு செய்தார். அதுவும் 1,700 ஆண்டுகளுக்குப் பின் உண்மை என்று உறுதியாயிற்று. படிகத்துக்கு நிறமேற்றிப் போலிப் பெரில் செய்யும் வித்தையும் இந்தியருக்குத் தெரியும் என்று அவர் எச்சரித்தார். உண்மைக் கல்லுக்கு நல்ல விலை இருந்தால்தான் போலிக்கும் சந்தை இருக்கும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தாலமி தம் புவியியல் நூலில் பெரில் கிடைக்கும் இடமாகப் புன்னாட்டைக் குறித்தார். இது இன்றைய தென் கர்நாடகப் பகுதி என்று பலர் கொள்வர். எரித்திரேயக் கடலின் பெரிப்புளூசு என்ற கிரேக்க நூல், முசிறிப் பகுதியிலிருந்து ஏற்றுமதியான பொருள்களில் ஒளி ஊடுருவும் பலவகைக் கற்களையும் சேர்க்கிறது.

இக்கற்களுக்கு ஈடாக வந்தது பொன்னும் வெள்ளியும். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்சு நாணயங்களை இழுத்துக்கொள்கிறது என்று பிளினி குறைபட்டார். பெண்களின் மணிகளுக்காக நம் செல்வம் அயல்நாட்டாருக்குப் போகிறது என்று பேரரசர் திபேரியசு கி.பி. 22இல் செனட் சபைக்கு எழுதினார். அந்தத் திபேரியசின் உருவம் பொறித்த நாணயங்கள் கோவைக்கு அருகிலுள்ள வெள்ளலூர் முதல் கரூர் வரை கொங்கு நாட்டு மண்ணில் கிடைத்துள்ளன. உரோமானிய வெள்ளி நாணயப் புதையல்கள் கொங்கு நாட்டில் செறிந்து கிடைப்பதற்குக் கல் வணிகமே முக்கியக் காரணம் என்பது வரலாற்றாளர் பலரின் கருத்து.

உரோமானியர் பெரிலை எப்படிப் பயன்படுத்தினர் என்பதற்குப் பாரிசிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தில் ஒரு சான்று உள்ளது. பேரரசர் தீத்தசின் மகள் சூலியாவின் உருவத்தை எவோதோசு என்ற கலைஞர் அக்குவாமரின் கல்லில் செதுக்கியிருக்கிறார். பெரில் இந்தியாவிலிருந்து வருவது என்று பிளினி எழுதிய காலத்தை ஒட்டிய படைப்பு அது.

சொல்லின் பயணம்

வடமொழியின் வைடூரியம் பிராகிருதத்தில் வேருலிய என்றும், பாலியில் வேளுரிய என்றும் வழங்கியது. பிராகிருத வடிவமே வணிகர் வழியாகக் கிரேக்கத்தில் பெரில்லோசு ஆனது. இலத்தீனில் பெரில்லுசு, ஆங்கிலத்தில் பெரில். இச்சொல்லின் மூலம் திராவிட மொழியாக இருக்கலாம் என்றும் மொழியறிஞர் சிலர் கருதுகின்றனர்.

இடைக்கால ஐரோப்பாவில் தெளிவான கற்களைத் தேய்த்து, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வில்லைகளாகப் பயன்படுத்தினர். அவற்றையும் பெரில் என்றனர். அதனால்தான் செருமன் மொழியில் மூக்குக்கண்ணாடிக்கு இன்றும் பிரில்லெ என்று பெயர்.

கிழக்கிலும் இந்தச் சொல் பயணித்தது. சீன மொழியில் லியூலி என்றாகி, முதலில் விலைமதிப்புள்ள கல்லையும் பின்னர் நிறக் கண்ணாடியையும் மெருகூட்டிய ஓடுகளையும் குறித்தது. ஹான் பேரரசின் வரலாற்று நூல், ஹுவாங்-சீ என்ற நாட்டுக்குக் கடல்வழியே சென்று முத்துகளையும் பிலியூலியையும் வாங்கிய தூதுக்குழுவைக் குறிப்பிடுகிறது. ஹுவாங்-சீ என்பது காஞ்சிபுரமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சப்பானில் இச்சொல் ருரி ஆகி, ஆழ்நீல நிறத்தைக் குறிக்கிறது. பௌத்தத்தில் மருத்துவ புத்தரின் ஒளி வைடூரிய ஒளி எனப்படும். திபெத்திய ஓவியங்களில் அவர் மேனி ஆழ்நீலமாகத் தீட்டப்படுகிறது. ஆக, ஒரே சொல் மேற்கே கடல்நிறக் கல்லாகவும் மூக்குக்கண்ணாடியாகவும், கிழக்கே நிறக் கண்ணாடியாகவும் நீல நிறமாகவும், தாயகத்தில் பூனைக்கண்ணாகவும் நிற்கிறது.

பெயர் மாறியது எப்படி?

பழங்காலத்தில் கற்களுக்கு அவற்றின் உட்பொருளைக் கொண்டு பெயரிட வழியில்லை. நிறமும் ஒளியும் சந்தையில் இருந்த மதிப்புமே பெயரைத் தீர்மானித்தன. நவீன வேதியியல் வரும்வரை உலகெங்கும் இதுதான் நிலை. பிரித்தானிய மணிமுடியில் கறுப்பு இளவரசரின் மாணிக்கம் என்று பெயர்பெற்ற செந்நிறக் கல் உண்மையில் மாணிக்கமன்று. அது சுபினெல் என்ற வேறு கனிமம். அரசர்களின் கருவூலத்திலேயே இப்படி நேர்ந்தது என்றால், கடைவீதியில் பெயர்கள் இடம்மாறியதில் வியப்பில்லை.

வைடூரியத்தின் பொருள் மாற்றத்துக்குச் சில காரணங்களை உய்த்துணரலாம். உரோமானிய வணிகம் கி.பி. 3ஆம் நூற்றாண்டளவில் தளர்ந்தது. கொடுமணலின் தொழில் வாழ்வும் அக்காலத்தை ஒட்டியே ஓய்ந்தது. வாங்குவோர் குறைந்தபோது கொங்கு நாட்டுப் பெரிலின் வரத்தும் குறைந்திருக்கும். அதே வேளையில் இலங்கையின் ஆற்றுப்படுகைச் சரளை மண்ணிலிருந்து பூனைக்கண் கற்கள் தொடர்ந்து கிடைத்து வந்தன. நவமணிகளையும் ஒன்பது கோள்களையும் இணைக்கும் முறை பரவியபோது, ஒன்பது இடங்களுக்கும் ஒன்பது வெவ்வேறு கற்கள் தேவைப்பட்டன. மரகதத்துக்குத் தனியிடம் இருந்தது. அதே இனத்தைச் சேர்ந்த வெளிறிய பெரிலைவிட, ஒளிக்கோடு நகரும் பூனைக்கண் கண்ணுக்குப் புதுமையாக இருந்தது. பழைய மதிப்புமிக்க பெயர் புதிய கல்லின்மேல் ஏறிக்கொண்டது.

கல்லின் பெயரால் வளர்ந்த நம்பிக்கைகள்

சோதிட வழக்கில் வைடூரியம் கேதுவுக்கு உரியது. நவமணி மோதிரத்தில் ஞாயிற்றுக்கு உரிய மாணிக்கத்தை நடுவில் வைத்து, மற்ற எட்டையும் சுற்றிலும் பதிப்பர். விழிபோல் தோன்றும் கல் கண்ணேறு கழிக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. உருவத்துக்கும் பயனுக்கும் முடிச்சுப் போடும் இவ்வழக்கம் பல நாடுகளில் காணப்படுவது.

பழைய வைடூரியமான பெரிலுக்கும் இத்தகைய நம்பிக்கைகள் இருந்தன. கடல்நீர் போன்ற அக்குவாமரின் கடற்பயணிகளைக் காக்கும் என்று ஐரோப்பியர் நம்பினர். தெளிந்த பெரில் உருண்டையை உற்றுநோக்கி வருங்காலம் கூறுவோரும் இருந்தனர். இவற்றை அறிவியல் மெய்ப்பிக்கவில்லை. ஆயினும் வரலாறு படிப்போருக்கு இவற்றால் ஒரு பயன் உண்டு. நம்பிக்கை கல்லின் தோற்றத்தைப் பற்றியே பேசுவதால், ஒரு காலத்தார் எந்தக் கல்லை மனத்தில் வைத்துப் பேசினர் என்பதற்கு அது குறிப்புத் தருகிறது. கடலைப் பற்றிய நம்பிக்கை நீலப்பச்சைக் கல்லையும், விழியைப் பற்றிய நம்பிக்கை கோடு ஓடும் கல்லையும் சுட்டும்.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. பரிகாரத்துக்காக வைடூரியம் வாங்குவோர் பெயரை நம்பியே பணம் கொடுக்கின்றனர். ஒளிக்கோடு குவார்ட்சிலும் தோன்றும். செயற்கைக் கண்ணாடி இழைகளைக் கொண்டும் அதை உண்டாக்கலாம். ஒப்படர்த்தியும் ஒளிவிலகல் எண்ணும் பார்க்கும் ஆய்வுக்கூடச் சான்று இல்லாமல், கோட்டை மட்டும் பார்த்து விலை கொடுப்பது இழப்பில் முடியலாம்.

வேதியியல் தந்த விடை

1798இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன் பெரிலையும் மரகதத்தையும் பகுத்தாய்ந்தார். இரண்டின் படிக வடிவமும் ஒன்றாக இருப்பதைக் கண்ட கனிமவியலாளர் ஆயுயி அந்த ஆய்வை வேண்டியிருந்தார். இரண்டும் ஒரே பொருள் என்பதும், இரண்டிலும் அதுவரை அறியாத தனிமம் ஒன்று இருப்பதும் தெரியவந்தன. 1828இல் வோலரும் புசியும் தனித்தனியே அந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தனர். அதன் உப்புகள் இனித்ததால் முதலில் இனிப்பைக் குறிக்கும் பெயர் வைக்கப்பட்டது. பின்னர், அது கிடைத்த கல்லின் பெயரால் பெரிலியம் என்ற பெயரே நிலைத்தது. அதன் நுண்தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கொடிய தீங்கு தரும் என்பது பிற்பாடு தெரிந்தது.

1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்த ஆய்வில், ஆல்பா துகள்களின் தாக்குதலுக்கு உள்ளானது பெரிலியமே. 2021இல் விண்ணுக்குச் சென்ற சேம்சு வெப் தொலைநோக்கியின் பொன்முலாம் பூசிய ஆடிகளும் பெரிலியத்தால் ஆனவை. வேதியியல் வகுப்பில் தனிம வரிசை அட்டவணையின் நான்காம் கட்டத்தைப் படிக்கும் மாணவர், வைடூரியம் என்ற சொல்லின் வழித்தோன்றலையே உச்சரிக்கின்றனர்.

இன்றைய நிலை

கல்லைத் தேய்த்து மணியாக்கும் கைத்திறன் தமிழகத்தில் முற்றும் மறைந்துவிடவில்லை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. கொடுமணலில் கிடைத்த மணிகளையும் பானை ஓடுகளையும் கொண்டு ஆய்வு நூல்கள் வெளிவந்துள்ளன.

எனினும் கொங்கு நாட்டின் பழைய கல்தொழிலுக்குச் சான்று, உழுநிலத்தில் சிதறிக் கிடக்கும் சிறு சில்லுகளே. கோயிலைப் போலவோ கோட்டையைப் போலவோ அவை கண்ணில் படுவதில்லை. ஒரு சில்லு கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறிக்காமல் எடுத்துவிட்டால், அது வெறும் கல்லாகிவிடும், வரலாற்றுச் சான்றாகாது. தொல்லியல் இடங்களில் கிடைக்கும் மணியையும் சில்லையும் தொடாமல், தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே முறை.

பழந்தமிழ் நூலிலோ வடமொழி நூலிலோ வைடூரியம் என்ற சொல்லைக் காணும் மாணவர், அகராதி தரும் பூனைக்கண் என்ற பொருளோடு நின்றுவிடக் கூடாது. அந்த நூல் எக்காலத்தது, எந்த நிறத்தைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். நீர், மூங்கில், கிளியின் இறகு என்று இருந்தால், அங்கே பேசப்படுவது படியூர் போன்ற நிலத்தில் விளைந்து, கொடுமணல் போன்ற ஊரில் துளையிடப்பட்ட கல்லாக இருக்கக்கூடும்.